கடைமடைக்கு வராத பாக்கெட்: லினக்ஸ் மெய்நிகர் கணுக்களுக்கு இடையே இழப்பைத் தேடிப் பிடிக்கும் வழி

தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர், மயிலாடுதுறை வட்டாரக் கல்லூரிகளில் நெட்வொர்க்கிங் கற்கும் மாணவர்களுக்கு, ஸ்விட்சும் ரூட்டரும் அடுக்கிய ஆய்வகம் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதில்லை. ஆனால் லினக்ஸ் நிறுவிய ஒரு மடிக்கணினி இருந்தால், அதற்குள்ளேயே பல கணுக்களை உருவாக்கி, அவற்றை மெய்நிகர் கம்பிகளால் இணைத்து, ஒரு முழு வலையமைப்பையும் பயின்றுவிடலாம். அப்படிப் பயிலும்போது எல்லோரும் சந்திக்கும் முதல் தொல்லை, ஒரு கணு அனுப்பிய பாக்கெட் (தரவுப் பொதி) மறு கணுவுக்குப் போய்ச் சேராததுதான். அந்த இழப்பு எங்கே நேர்கிறது, ஏன் நேர்கிறது என்பதைப் புதியவர் ஒருவர் தாமே கண்டறிவதற்கான வழியை இக்கட்டுரை படிப்படியாகச் சொல்கிறது.

இந்த ஊரில் கடைமடை வயலுக்குத் தண்ணீர் வராதபோது, மேட்டூரில் கூடுதலாகத் திறக்கச் சொல்லி யாரும் தொடங்குவதில்லை. தலைமதகிலிருந்து வாய்க்கால் கரையோடு நடந்து, ஒவ்வொரு மதகிலும் வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு என்று பார்த்துக்கொண்டே போனால், எந்த இரண்டு மதகுகளுக்கு நடுவில் நீர் காணாமற்போகிறது என்பது தெரிந்துவிடும். பாக்கெட் இழப்பையும் இப்படித்தான் தேட வேண்டும். இணையத்தில் கிடைக்கும் பத்து வரி சிஸ்கன்ட்ரோல் (லினக்ஸின் மையமான கெர்னலின் மதிப்புகளை மாற்றும் கட்டளை) அமைப்புகளை அப்படியே ஒட்டிவிட்டு, பஃபரை (பாக்கெட் காத்திருக்கும் இடத்தை) பெரிதாக்கிவிட்டுப் பார்ப்போம் என்ற பழக்கம் நேரத்தை வீணாக்குவதோடு, அடுத்த கோளாறையும் விதைத்துவிடுகிறது. இடத்தைக் கண்டுபிடிக்கும் வரை எந்த அமைப்பையும் மாற்றக் கூடாது என்பதை இந்தக் கட்டுரை முழுவதும் வலியுறுத்துகிறேன்.

கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். கணினியில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும். பெரிய எழுத்து தேவைப்படும் இடங்களைத் தனியே குறிப்பிடுகிறேன். பெரும்பாலானவற்றுக்கு ரூட் அனுமதி வேண்டும் என்பதால், முன்னால் 'சுடோ' சேர்த்துக்கொள்க.

முதல் படி: பாதையை வரைந்துகொள்ளுதல்

எடுத்துக்காட்டுக்காக ஒரு சிறிய வலையமைப்பை அமைப்போம். 'குடந்தை', 'மன்னை' என்று இரண்டு நெட்வொர்க் நேம்ஸ்பேஸ்கள், அதாவது தனித்தனிக் கணினி போல நடக்கும் வலையமைப்புச் சூழல்கள். இரண்டையும் இணைக்க நடுவில் 'அணை' என்ற ஒரு பிரிட்ஜ், அதாவது மெய்நிகர் ஸ்விட்ச். 'ஐபி நெட்என்எஸ் ஆட் குடந்தை' என்ற கட்டளை முதல் நேம்ஸ்பேஸை உருவாக்கும். 'ஐபி லிங்க் ஆட் கே0 டைப் வீத் பியர் நேம் கே1' என்பது இரு முனைகள் கொண்ட ஒரு மெய்நிகர் கம்பியை உருவாக்கும். இதைத்தான் வீத் இணை என்கிறோம். கே0 முனையை 'ஐபி லிங்க் செட் கே0 நெட்என்எஸ் குடந்தை' என்று உள்ளே அனுப்பிவிட்டு, கே1 முனையை 'ஐபி லிங்க் செட் கே1 மாஸ்டர் அணை' என்று பிரிட்ஜோடு பிணைக்கிறோம். மன்னைக்கும் இதே போல எம்0, எம்1 என்று ஓர் இணை. குடந்தைக்கு 10.20.0.1/24, மன்னைக்கு 10.20.0.2/24 என்ற முகவரிகளைக் கொடுத்து, எல்லா இடைமுகங்களையும் 'அப்' நிலைக்குக் கொண்டுவந்தால் வேலை முடிந்தது. இடைமுகப் பெயர் 15 எழுத்துகளுக்கு மேல் போகக் கூடாது என்பதால் பெயர்களைச் சுருக்கமாக வைப்பது நல்லது.

இப்போது ஒரு தாளை எடுத்து, பாக்கெட் போகும் வழியை வரிசையாக எழுதுக: குடந்தையின் கே0, வெளியே கே1, அணை, எம்1, மன்னையின் எம்0. திரும்பி வரும் பதிலுக்கு இதே வழி தலைகீழாக அமையும். இந்த ஐந்து இடங்களே நம்முடைய அளவீட்டுப் புள்ளிகள். உங்கள் வலையமைப்பில் விஎக்ஸ்லேன் சுரங்கமோ (ஈதர்நெட் சட்டகங்களை யுடிபி பாக்கெட்டுக்குள் பொதிந்து அனுப்புவது), மெய்நிகர்க் கணினியை ஹோஸ்ட்டோடு இணைக்கும் டாப் இடைமுகமோ, வயர்கார்டு என்ற மறையாக்கச் சுரங்கமோ இருந்தால் அவற்றையும் வரிசையில் சேர்க்க வேண்டும். இப்படி வரையாமல் தேடத் தொடங்குபவர்கள் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இரண்டாம் படி: இழப்பின் வகையைத் தெளிவாகச் சொல்லுதல்

'நெட்வொர்க் சரியில்லை' என்பது ஒரு புகாராகாது. எதுவுமே போகவில்லையா, சிறிய பாக்கெட் போய்ப் பெரியது மட்டும் நிற்கிறதா, எல்லா அளவும் போனாலும் இடையிடையே சில மட்டும் விழுகின்றனவா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். இந்த மூன்றுக்கும் காரணங்கள் வெவ்வேறு. ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்கு உதவாது.

பிரித்தறிய பிங் ஒன்றே போதும். 'ஐபி நெட்என்எஸ் எக்ஸெக் குடந்தை பிங் -சி 100 -ஐ 0.2 10.20.0.2' என்று நூறு பாக்கெட் அனுப்பி எத்தனை திரும்பின என்று பார்க்கலாம். அடுத்து, '-எஸ் 1472' சேர்த்துப் பெரிய பாக்கெட்டுகளாக அனுப்பலாம். பின்பு வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3 கருவியைக் கொண்டு சுமை ஏற்றிப் பார்க்கலாம். அதன் யுடிபி சோதனை வேகத்தைக் குறிப்பிடாவிட்டால் நொடிக்கு 1 மெகாபிட் மட்டுமே அனுப்பும். அதில் இழப்பு இல்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்பதால், '-பி' (பிட்ரேட் என்பதன் முதலெழுத்து) விருப்பத்தோடு வேகத்தைப் படிப்படியாக உயர்த்திப் பார்க்க வேண்டும்.

வழியிலுள்ள ஒவ்வொரு ரூட்டரையும் வரிவரியாகக் காட்டும் எம்டிஆர் கருவியைப் பயன்படுத்துவோருக்கு ஓர் எச்சரிக்கை. இடையிலுள்ள ஒரு ரூட்டரின் வரியில் 40 விழுக்காடு இழப்பு என்று காட்டி, கடைசி வரியில் இழப்பே இல்லை என்றால், அந்த ரூட்டர் தன் ஐசிஎம்பி (பிங்கும் பிழை அறிவிப்புகளும் பயன்படுத்தும் நெறிமுறை) பதில்களைக் கட்டுப்படுத்தி அனுப்புகிறது என்றுதான் பொருள். இழப்பு கடைசி வரி வரை தொடர்ந்தால் மட்டுமே அதைப் பொருட்படுத்தலாம்.

மூன்றாம் படி: கவுன்டர்களைப் படித்தல்

'ஐபி -எஸ் -எஸ் லிங்க் ஷோ கே1' என்ற கட்டளை, அந்த இடைமுகம் எத்தனை பாக்கெட் பெற்றது, எத்தனை அனுப்பியது, எத்தனையைக் கைவிட்டது என்ற எண்களைத் தரும். நேம்ஸ்பேஸுக்குள் இருப்பதைப் பார்க்க 'ஐபி -என் குடந்தை -எஸ் -எஸ் லிங்க் ஷோ கே0' என்று கேட்கலாம். இந்த எண்கள் இடைமுகம் உருவான நாளிலிருந்து கூடிக்கொண்டே வருபவை. ஆகவே ஒருமுறை பார்த்துவிட்டு 'டிராப்டு 57' என்று பதறுவதில் பொருளில்லை. சோதனைக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை என ஐந்து புள்ளிகளிலும் எண்களைக் குறித்துக்கொண்டு வேறுபாட்டைக் கணக்கிட வேண்டும். நூறு பாக்கெட் அனுப்பியபோது கே1 நூறு பெற்று, எம்1 தொண்ணூறே அனுப்பியிருந்தால், பத்தும் பிரிட்ஜில் விழுந்திருக்கின்றன. தேட வேண்டிய இடம் ஐந்திலிருந்து ஒன்றாகச் சுருங்கிவிட்டது.

திசையில் குழம்பக் கூடாது. வீத் இணையில் ஒரு முனை அனுப்பியதே மறுமுனை பெற்றது. எனவே கே0 இல் 'டிஎக்ஸ்' என்பது கே1 இல் 'ஆர்எக்ஸ்'. மெய்நிகர்க் கணினிகளுக்கும் இது பொருந்தும். ஹோஸ்ட்டின் (அவற்றை இயக்கும் கணினியின்) டாப் இடைமுகத்தில் 'டிஎக்ஸ் டிராப்டு' ஏறினால், உள்ளேயிருக்கும் விருந்தினர்க் கணினி தனக்கு வருவதைப் போதிய வேகத்தில் எடுத்துக்கொள்ளவில்லை என்று பொருள்.

'ஆர்எக்ஸ் டிராப்டு' ஏறுவதெல்லாம் இழப்பாகாது என்பதையும் புதியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கெர்னலுக்குக் கையாளத் தெரியாத நெறிமுறையில் ஒரு சட்டகம் (ஈதர்நெட்டில் போகும் பொதி) வந்தாலும், நாம் அமைக்காத விலேன் எண்ணோடு (ஒரே கம்பியைப் பல வலைகளாகப் பிரிக்கும் எண்) ஒன்று வந்தாலும், அதுவும் இதே கணக்கில் ஏறக்கூடும். அருகிலுள்ள ஸ்விட்ச் சில நொடிகளுக்கு ஒருமுறை அனுப்பும் அறிவிப்புச் சட்டகங்கள் அப்படிப்பட்டவை. டிசிபிடம்ப் (பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் கருவி) ஓடும்போது இந்த எண் ஏறாமல் நின்று, அதை நிறுத்தியதும் மீண்டும் ஏறத் தொடங்கினால், பெரும்பாலும் கையாள ஆளில்லாத சட்டகங்கள்தாம் காரணம். உங்கள் பயன்பாட்டின் பாக்கெட்டுகள் நலமாகவே இருக்கின்றன.

நான்காம் படி: பாக்கெட்டைக் கண்ணால் பார்த்தல்

கவுன்டர் சுருக்கிக் கொடுத்த இடத்தில் டிசிபிடம்ப்பை ஓடவிடுக. 'டிசிபிடம்ப் -என்என் -இ -ஐ கே1 ஐசிஎம்பி ஆர் ஏஆர்பி' என்று ஒரு திரையிலும், எம்1 க்கு இதையே மற்றொரு திரையிலும் ஓடவிட்டு, பிங்கின் வரிசை எண்களை ஒப்பிட்டால், எந்த எண் எங்கே மறைகிறது என்பது தெரியும்.

உள்ளே வரும் பாக்கெட்டை டிசிபிடம்ப், நெட்ஃபில்டர் (கெர்னலின் ஃபயர்வால்) விதிகளுக்கு முன்பே பார்த்துவிடுகிறது. வெளியே போகும் பாக்கெட்டை அந்த விதிகளுக்குப் பிறகே பார்க்கிறது. ஆகவே 'டிசிபிடம்ப்பில் தெரிகிறதே, பிறகு ஏன் பயன்பாட்டுக்குக் கிடைக்கவில்லை' என்று வியப்பதற்கு இடமில்லை. டிசிபிடம்ப் பார்த்த பிறகு ஃபயர்வால் அதைக் கைவிட்டிருக்கலாம்.

டிசிபிடம்ப் காட்டும் மூன்று செய்திகள் புதியவர்களை வீணாக மிரட்டும். 'இன்கரெக்ட் செக்சம்' என்பது, செக்சம் (பிழையைச் சரிபார்க்கும் எண்) கணக்கிடும் வேலை பின்னால் வரும் வன்பொருளுக்கு ஒதுக்கப்பட்டிருப்பதால் அனுப்பும் பக்கத்தில் இயல்பாகத் தெரிவது. ஐந்தாயிரம், பத்தாயிரம் பைட் அளவுள்ள பாக்கெட்டுகள் தெரிவதும் பிழையில்லை. கெர்னல் பல பாக்கெட்டுகளை ஒரே மூட்டையாகக் கொண்டுபோய்க் கடைசியில் பிரிக்கிறது. இறுதியில் வரும் 'பாக்கெட்ஸ் டிராப்டு பை கெர்னல்' என்ற வரியோ டிசிபிடம்ப்பின் சொந்தப் பஃபர் நிரம்பியதைச் சொல்கிறதே தவிர, உங்கள் வலையமைப்பைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

ஐந்தாம் படி: எதுவுமே போகாதபோது

எளியவற்றிலிருந்து தொடங்கலாம். புதிதாக உருவான நேம்ஸ்பேஸில் லூப்பேக் இடைமுகமான 'லோ' கூட 'டவுன்' நிலையில்தான் இருக்கும். தன் முகவரிக்கே பிங் போகவில்லை என்றால் அதை 'அப்' செய்க. அடுத்து 'ஐபி -என் குடந்தை நெய்' என்று அண்டைக் கணுக்களின் பட்டியலைப் பார்க்கவும். 'ஃபெயில்டு' அல்லது 'இன்கம்ப்ளீட்' என்றிருந்தால் ஏஆர்பி (ஐபி முகவரிக்குரிய மேக் முகவரியைக் கேட்கும் நெறிமுறை) கேள்விக்குப் பதிலே வரவில்லை. கோளாறு இரண்டாம் அடுக்கில், அதாவது கம்பியிலோ பிரிட்ஜிலோ இருக்கிறது. 'ரீச்சபிள்' என்றோ 'ஸ்டேல்' என்றோ இருந்தால் அந்த அடுக்கு நலம். 'ஸ்டேல்' என்பது அண்மையில் சரிபார்க்கவில்லை என்று மட்டுமே சொல்கிறது. இரு வேறு சப்நெட்களுக்கு நடுவில் ரூட்டராக ஒரு கணு இருந்தால், அந்தக் கணுவின் நேம்ஸ்பேஸுக்குள் 'ஐபி_ஃபார்வர்ட்' மதிப்பு 1 ஆக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; ஹோஸ்ட்டில் 1 என்பதை வைத்துத் திருப்தியடையக் கூடாது.

ஏஆர்பி நலமாக இருந்தும், ஒரே பிரிட்ஜில் ஒரே சப்நெட்டில் இருக்கும் இரண்டு கணுக்களுக்கு இடையே பிங் மட்டும் போகாத விசித்திரத்தைச் சற்று அருகில் பார்ப்போம், ஏனெனில் மாணவர்களின் கணினிகளில் இது அடிக்கடி வருகிறது. கே1 இல் எக்கோ கேள்வி வருவது தெரிகிறது. எம்1 இல் தெரியவில்லை. கம்பி சரி, பிரிட்ஜ் சரி, விதி எதுவும் நாம் எழுதவில்லை. அந்தக் கணினியில் டாக்கர் (கன்டெய்னர்களை இயக்கும் மென்பொருள்) இருக்கிறதா என்று கேட்டால், ஆமாம் என்ற பதில் வரும். டாக்கர் தன் 1.13 பதிப்பிலிருந்து, அதாவது 2017 முதல், ஐபிடேபிள்ஸின் (நெட்ஃபில்டர் விதிகளை எழுதும் கருவி) ஃபார்வர்ட் சங்கிலியின், அதாவது கணினியைக் கடந்து செல்லும் பாக்கெட்டுகளுக்கான விதிப் பட்டியலின், அடிப்படைக் கொள்கையை 'டிராப்' என்று மாற்றிவிடுகிறது. இதோடு 'பிஆர்_நெட்ஃபில்டர்' என்ற கெர்னல் தொகுதியும் ஏற்றப்பட்டிருந்தால், பிரிட்ஜ் வழியாகப் போகும் ஐபி பாக்கெட்டுகளும் அந்தச் சங்கிலிக்குள் நுழைந்து விழுந்துவிடுகின்றன. ஏஆர்பி அந்தச் சங்கிலிக்குள் போவதில்லை. ஆகையால் அது மட்டும் தப்பிக்கிறது. 'எல்எஸ்மாட்' பட்டியலில் அந்தத் தொகுதியைத் தேடியும், 'ஐபிடேபிள்ஸ் -எல் ஃபார்வர்ட் -வி -என்' என்று கேட்டு, 'பாலிசி டிராப்' என்ற சொல்லுக்குப் பக்கத்திலுள்ள பாக்கெட் எண்ணிக்கை பிங்கோடு சேர்ந்து ஏறுகிறதா என்று பார்த்தும் இதை உறுதி செய்யலாம். இந்தக் கட்டளையில் '-எல்' என்பதும் சங்கிலியின் பெயரும் பெரிய எழுத்துகள்.

தீர்வு இரண்டு. 'டாக்கர்-யூசர்' (முழுவதும் பெரிய எழுத்து) சங்கிலியின் தலையில், அணையில் நுழைந்து அணையிலேயே வெளியேறும் பாக்கெட்டை அனுமதிக்கும் ஒரு விதியைச் சேர்க்கலாம். அல்லது 'நெட்.பிரிட்ஜ்.பிரிட்ஜ்-என்எஃப்-கால்-ஐபிடேபிள்ஸ்' மதிப்பை 0 ஆக்கலாம். இரண்டாவது எளியதுதான் என்றாலும், அதே கணினியில் குபர்நெட்டீஸ் (கன்டெய்னர்களை நிர்வகிக்கும் அமைப்பு) இயங்கினால் அதன் சேவைகள் இந்த அமைப்பை நம்பியிருப்பதால், முதல் வழியையே நான் பரிந்துரைக்கிறேன்.

ஒரு கணுவுக்கு இரண்டு இடைமுகங்கள் இருந்து, பாக்கெட் ஒன்றின் வழியாக வந்து பதில் மற்றொன்றின் வழியாகப் போகும் அமைப்பில் 'ஆர்பி_ஃபில்டர்' குறுக்கே நிற்கலாம். அதன் மதிப்பு 1 என்றால், வந்த வழியே திரும்பிப் போக முடியாத மூல முகவரி கொண்ட பாக்கெட்டைக் கெர்னல் ஓசையின்றி ஒதுக்கிவிடும். 2 என்றால் ஏதோ ஒரு வழி இருந்தால் போதும். 0 என்றால் சோதனையே இல்லை. 'ஆல்' என்ற பொது மதிப்பும் இடைமுகத்தின் தனி மதிப்பும் வேறுபட்டால் இரண்டில் பெரியதே செல்லும் என்பதால், தனி மதிப்பை மட்டும் 0 ஆக்கிவிட்டு ஒன்றும் மாறவில்லையே என்று தவிப்பவர்கள் உண்டு. 'என்ஸ்டாட் -ஏஇசட்' வெளியீட்டில் 'ஐபிரிவர்ஸ்பாத்ஃபில்டர்' என்று முடியும் வரி ஏறுகிறதா என்று பார்த்தால் ஐயம் தீரும்.

விடுதி அறையில் இரண்டு மடிக்கணினிகளை வைஃபையில் இணைத்துப் பயிலுவோருக்கு வேறொரு தடை இருக்கிறது. சாதாரண வைஃபை இணைப்பில், தன்னிடம் பதிவான சாதனத்தின் மேக் முகவரியிலிருந்து வரும் சட்டகங்களை மட்டுமே அணுகல் புள்ளி ஏற்கும். மெய்நிகர்க் கணினி தன் சொந்த மேக் முகவரியோடு பிரிட்ஜ் வழியாக வெளியேற முயன்றால் அது எடுபடாது. நேட் (முகவரியை மாற்றி அனுப்புவது) அல்லது ரூட்டிங் முறைக்கு மாறுவதே வழி. விடுதிகளின் வைஃபையில், ஒரு சாதனம் மற்றொன்றோடு பேசவே கூடாது என்ற தனிமைப்படுத்தும் அமைப்பும் இயங்கக்கூடும். அது இருந்தால் லினக்ஸில் என்ன மாற்றியும் பயனில்லை. ஓர் ஈதர்நெட் கம்பியால் இரண்டையும் நேராக இணைத்துவிடுக.

விஎக்ஸ்லேன் சுரங்கத்தில் எதுவும் போகவில்லை என்றால் போர்ட் எண்ணைப் பார்க்கவும். நெறிமுறைக்கு முறையாக ஒதுக்கப்பட்ட யுடிபி போர்ட் 4789. ஆனால் லினக்ஸ் கெர்னல், அந்த ஒதுக்கீட்டுக்கு முன்பே விஎக்ஸ்லேனைச் சேர்த்துவிட்டதால், நாம் குறிப்பிடாதவரை 8472 ஐயே பயன்படுத்துகிறது. ஒரு முனை லினக்ஸ், மறுமுனை வேறொரு சாதனம் என்றால் இரண்டும் வெவ்வேறு கதவுகளைத் தட்டிக்கொண்டிருக்கும்.

ஆறாம் படி: சிறியது போய்ப் பெரியது நிற்கும்போது

'சார், பிங் நல்லா போகுது, எஸ்எஸ்எச் உள்ளேயும் போயிடுது, ஆனா பெரிய ஃபோல்டரை எல்எஸ் போட்டதும் அப்படியே நின்னுடுது' என்று ஒரு மாணவர் சொன்னால், மற்றவற்றைப் பார்ப்பதற்கு முன் எம்டியு (ஓர் இடைமுகம் அனுப்பக்கூடிய பாக்கெட்டின் உச்ச அளவு) அளவைத்தான் நான் பார்க்கச் சொல்வேன். இந்த அறிகுறி அவ்வளவு துல்லியமானது. பிங்கும் உள்நுழைவும் சிறு பாக்கெட்டுகளால் நடப்பவை. நீண்ட பட்டியல் வரும்போதுதான் முழு அளவுப் பாக்கெட் கிளம்புகிறது.

ஈதர்நெட்டின் வழக்கமான எம்டியு 1500 பைட். விஎக்ஸ்லேன் சுரங்கம் ஒவ்வொரு பாக்கெட்டின் மேலும் வெளி ஐபி தலைப்பு 20, யுடிபி 8, தன் சொந்தத் தலைப்பு 8, உள் ஈதர்நெட் தலைப்பு 14 என்று மொத்தம் 50 பைட்டைப் போர்த்துகிறது. எனவே உள்ளே 1450 க்கு மேல் இடமில்லை. வெளிப்பாதை ஐபிவி6 என்றால் போர்வை 70 பைட். வயர்கார்டு இடைமுகத்தில் 1420 என்ற எண்ணைப் பார்ப்பதும் இதே காரணத்தால்தான். சுரங்கத்தின் எம்டியு 1450 ஆகவும் நேம்ஸ்பேஸுக்குள் இருக்கும் கே0 இன்னும் 1500 ஆகவும் இருந்தால், குடந்தை தன் அறியாமையில் முழு அளவில் அனுப்புகிறது. பிரிட்ஜ் இரண்டாம் அடுக்கில் இயங்குவது. பாக்கெட்டை அது துண்டாக்காது, 'பெரிதாக இருக்கிறது, குறைத்து அனுப்பு' என்று திருப்பிச் சொல்வதும் பொதுவாக இல்லை. பாக்கெட் ஓசையின்றி விழுகிறது. சில வேளைகளில் இடைமுகக் கவுன்டர்களில்கூடத் தெரிவதில்லை.

சோதிக்கும் முறை எளிது. 'பிங் -எம் டூ -எஸ் 1472' என்று அனுப்புக. 'எம்' பெரிய எழுத்து. 'டூ' என்பது வழியில் துண்டாக்கக் கூடாது என்ற கட்டளை. 1472 ஓடு ஐசிஎம்பி தலைப்பு 8, ஐபி தலைப்பு 20 சேர்ந்து 1500 ஆகிறது. இது நின்று, 1422 போய், 1423 நின்றால், பாதையின் உண்மையான அளவு 1450 என்பது உறுதி. 'மெசேஜ் டூ லாங்' என்று உடனே பதில் வந்தால், அனுப்பும் கணுவுக்கே எல்லை தெரிந்திருக்கிறது. அது நல்ல நிலை. பதிலே இல்லாமல் மௌனமாக விழுந்தால்தான் வழியில் கோளாறு.

தீர்வு, கணுக்களின் எம்டியு அளவை 1450 ஆக்குவது. வீத் இணையின் இரு முனைகளுக்கும் இதைச் செய்ய வேண்டும். ஒரு முனை 1500, மறுமுனை 1450 என்று விட்டால், சிறிய முனைக்குப் பெரிய பாக்கெட் வரும்போது வீத் அதையே கைவிட்டு, அனுப்பிய முனையின் 'டிஎக்ஸ் டிராப்டு' கணக்கில் ஏற்றும். வெளிப்பாதை உங்கள் சொந்தக் கம்பி என்றால், அதன் எம்டியுவை 1550 ஆக உயர்த்தி உள்ளே 1500 ஐ அப்படியே வைத்துக்கொள்வதும் சரியான வழியே. செல்பேசி ஹாட்ஸ்பாட் வழியாகச் சுரங்கம் அமைப்பவர்கள், வெளிப்பாதை 1500 ஐத் தரும் என்று நம்பாமல், வெளிமுகவரிக்கு முதலில் இதே பிங் சோதனையைச் செய்து பார்க்க வேண்டும்.

ரூட்டராக இருக்கும் கணுவில் 'டிசிபிஎம்எஸ்எஸ்' (பெரிய எழுத்து) விதியின் 'கிளாம்ப்-எம்எஸ்எஸ்-டு-பிஎம்டியு' விருப்பத்தைச் சேர்த்து, டிசிபி பொதியின் அளவைப் பாதைக்கேற்பக் குறைத்துச் சமாளிப்பதும் வழக்கத்தில் இருக்கிறது. டிசிபிக்கு அது நன்றாகவே வேலை செய்யும். யுடிபிக்கு அதனால் எந்த உதவியும் இல்லை. ஐசிஎம்பி முழுவதையும் ஃபயர்வாலில் அடைத்துவிடும் பழக்கத்தையும் இங்கே கண்டிக்க வேண்டியிருக்கிறது. 'துண்டாக்க வேண்டும், ஆனால் அனுமதியில்லை' என்ற செய்தி ஐசிஎம்பி வழியாகத்தான் அனுப்புநருக்குத் திரும்புகிறது. அதை அடைத்தால் பாதை தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் வாய்ப்பும் அடைபடுகிறது.

ஏழாம் படி: இடையிடையே சில மட்டும் விழும்போது

முதலில் 'டிசி -எஸ் க்யூடிஸ்க் ஷோ' என்று கேட்டு, 'நெட்எம்' (இழப்பையும் தாமதத்தையும் செயற்கையாக உண்டாக்கும் வசதி) என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று ஹோஸ்ட்டிலும் ஒவ்வொரு நேம்ஸ்பேஸிலும் பார்த்துவிடுக. முந்தைய பயிற்சியில் வேண்டுமென்றே சேர்த்த 5 விழுக்காடு இழப்பு நீக்கப்படாமல் இருப்பது பொது ஆய்வகக் கணினிகளில் சாதாரணம். நெட்எம்மில் தாமதம் மட்டும் சேர்த்திருந்தாலும் இழப்பு வரலாம்: அதன் வரிசையின் கொள்ளளவு, நாம் மாற்றாதவரை, 1000 பாக்கெட். நொடிக்கு 1 கிகாபிட் வேகத்தில் 100 மில்லிநொடித் தாமதம் என்றால், 1500 பைட் பாக்கெட்டுகள் சுமார் 8300 ஒரே நேரத்தில் வரிசையில் காத்திருக்க வேண்டும். 'லிமிட்' மதிப்பை அதற்கேற்ப உயர்த்தாவிட்டால் மிகுதி வழிந்துவிடும்.

மேக் முகவரி இரட்டித்தலும் இந்த வகையே. ஒரு மெய்நிகர்க் கணினியை நகலெடுத்து இன்னொன்றை உருவாக்கும்போது முகவரியும் சேர்ந்து நகலாகிவிட்டால், பிரிட்ஜ் அந்த முகவரியை ஒரு கணம் இந்தப் போர்ட்டிலும் மறுகணம் அந்தப் போர்ட்டிலும் கற்றுக்கொண்டு, பாக்கெட்டுகளை மாற்றி மாற்றி அனுப்பும். மெய்நிகர்க் கணினிகளை இயக்கும் கியூஈஎம்யுவைக் கையால் இயக்கி முகவரி எதையும் குறிப்பிடாவிட்டால், முதல் அட்டைக்கு அது எப்போதும் 52:54:00:12:34:56 என்ற ஒரே முகவரியைத்தான் கொடுக்கும். இரண்டு கணினிகளை அப்படி இயக்கினால் மோதல் நிச்சயம். 'பிரிட்ஜ் எஃப்டிபி ஷோ பிஆர் அணை' என்ற கட்டளையைச் சில முறை ஓட்டி, ஒரே முகவரி இடம் மாறிக்கொண்டே இருக்கிறதா என்று பார்க்கவும்.

சுமை ஏறினால் மட்டும் இழப்பு என்றால் '/ப்ராக்/நெட்/சாஃப்ட்நெட்_ஸ்டாட்' கோப்பைத் திறக்கவும். ஒவ்வொரு வரியும் ஒரு சிபியு. எண்கள் பதினாறின் அடிமானத்தில் இருக்கும். இரண்டாம் பத்தி (நெடுக்கு வரிசை), உள்வரிசை நிரம்பியதால் கைவிடப்பட்டவை. சாதாரண வீத் இணை தன் பாக்கெட்டுகளை இந்த உள்வரிசை வழியாகவே மறுமுனைக்குக் கொடுக்கிறது. வரிசையின் எல்லையான 'நெட்டெவ்_மேக்ஸ்_பேக்லாக்' பெரும்பாலும் 1000. சோதனையின்போது அந்தப் பத்தி ஏறினால் மட்டும் எல்லையை உயர்த்துக. இரண்டே சிபியு உள்ள மடிக்கணினியில் ஆறு மெய்நிகர்க் கணினிகளை ஓடவிட்டிருந்தால், எந்த எல்லையை உயர்த்தினாலும் எடுத்துச் செல்ல ஆளில்லை. விருந்தினர்க் கணினியில் 'டாப்' என்ற கட்டளையின் (மேலே சொன்ன டாப் இடைமுகம் வேறு) வெளியீட்டில் 'எஸ்டி' என்ற எண் ஏறியிருப்பது அதற்கான அடையாளம். மின்தடையின்போது பேட்டரியில் ஓடும் கணினி வேகத்தைக் குறைத்துக்கொள்வதும் சோதனை முடிவை மாற்றிவிடும்; மின்சாரம் இருக்கும்போது ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கவும்.

புதிய இணைப்புகள் மட்டும் தோற்று, பழையவை தொடர்ந்து நடந்தால், கெர்னல் செய்திகளைக் காட்டும் 'டிமெஸ்ஜி' பதிவில் 'என்எஃப்_கான்ட்ராக்: டேபிள் ஃபுல்' என்ற வரியைத் தேடுக. இணைப்புகளைக் கண்காணிக்கும் அட்டவணை நிரம்பிவிட்டது என்று அதற்குப் பொருள். யுடிபி பயன்பாடு ஒன்று மட்டும் இழந்தால், 'என்ஸ்டாட் -ஏஇசட் யுடிபிஆர்சிவிபஃப்எரர்ஸ்' எண்ணைப் பார்க்கவும். அது ஏறினால் வலையமைப்பு தன் வேலையை முடித்துவிட்டது. பயன்பாடுதான் தன் சாக்கெட்டிலிருந்து (பயன்பாடு பாக்கெட்டைப் பெறும் வாயில்) வேகமாக எடுக்கவில்லை.

எட்டாம் படி: கெர்னலிடமே கேட்டல்

இத்தனையும் பார்த்தும் காரணம் பிடிபடவில்லை என்றால், பாக்கெட்டைக் கைவிடும் கணத்திலேயே கெர்னலைப் பிடிக்கலாம். 'பெர்ஃப் ரெகார்ட் -இ எஸ்கேபி:கேஃப்ரீ_எஸ்கேபி -ஏ' என்று ஓடவிட்டுச் சோதனையைச் செய்து, பின் 'பெர்ஃப் ஸ்கிரிப்ட்' என்று படித்தால், கைவிட்ட ஒவ்வொரு நிகழ்வும் வரிசையாக வரும். கெர்னல் 5.17 முதல் காரணமும் சேர்ந்து வரத் தொடங்கியது. அதற்குப் பிந்தைய பதிப்புகளில் 'நெட்ஃபில்டர்_டிராப்' என்றால் ஃபயர்வால் விதி, 'சாக்கெட்_ஆர்சிவிபஃப்' என்றால் சாக்கெட் பஃபர், 'சிபியு_பேக்லாக்' என்றால் மேலே சொன்ன உள்வரிசை, 'நெய்_ஃபெயில்டு' என்றால் ஏஆர்பி தோல்வி. சிலியம் திட்டத்தினர் உருவாக்கிய 'பிடபிள்யுஆர்யு' என்ற கருவி, ஒரு குறிப்பிட்ட பாக்கெட் கெர்னலின் எந்தெந்தச் செயற்கூறுகள் வழியாகப் போய் எங்கே முடிந்தது என்பதையே காட்டும். இவற்றை முதல் படியாக வைத்துக்கொள்ளாமல் கடைசியில் வைத்ததற்குக் காரணம், பாதையைப் புரிந்துகொள்ளாமல் இவற்றைத் திறந்தால் ஆயிரக்கணக்கான வரிகளில் எதைப் பார்ப்பது என்றே தெரியாது என்பதுதான்.

காரணம் தெரிந்ததும் ஒரே ஒரு மாற்றத்தைச் செய்து, இரண்டாம் படியில் செய்த அதே சோதனையை அதே எண்களோடு மீண்டும் செய்க. இழப்பு மாறவில்லை என்றால் அந்த மாற்றத்தை உடனே திரும்பப் பெற வேண்டும்.

சரியாகிவிட்ட அமைப்பை நிலைநிறுத்துவதும் வேலையின் ஒரு பகுதியே. 'சிஸ்கன்ட்ரோல் -டபிள்யு' செய்த மாற்றம் கணினியை மறுதொடக்கம் செய்ததும் போய்விடும்; '/இடிசி/சிஸ்கன்ட்ரோல்.டி' அடைவில் ஒரு கோப்பாக எழுதி, முதல் வரியில் அது எதற்காக, எந்தத் தேதியில் சேர்க்கப்பட்டது என்று குறித்துவைக்க வேண்டும். நேம்ஸ்பேஸ்களும் வீத் இணைகளும் மறுதொடக்கத்தில் முழுவதும் மறைந்துவிடுபவை. ஆகவே அவற்றை உருவாக்கும் கட்டளைகளை, எம்டியு வரிகளும் உட்பட, ஒரே ஷெல் ஸ்கிரிப்ட்டில் தொகுத்து வைத்துக்கொண்டு, ஆய்வகத்தில் மின்சாரம் போய் வந்ததும் அதை ஓட்டி, 1422 பைட் பிங் போகிறதா என்று பார்த்துவிட்டு அன்றைய பயிற்சியைத் தொடங்கலாம்.